ஏட்டு வந்த வழி

வீட்டுக்குப் பக்கத்துப் பாறையில் நெல்லைக் காயப் போட்டுவிட்டு, மடியில் எண்ணெய்த் தகரத்தோடு சத்தியபாய் உட்கார்ந்திருந்தாள். கீழே பனச்சமூட்டுச் சாலை. காக்கை விரட்டுகிறாள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவள் காத்திருந்தது போலீஸ் ஏட்டுக்காக.

அவள் புருஷன் ஜெயதாஸ், தமிழ்ப் பகுதிகளை மெட்ராஸோடு சேர்க்கவேண்டுமென்று ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவன். அன்று சாயங்காலமே அவனைக் கொண்டுபோய் லாக்கப்பில் வைத்து ஏட்டு நெஞ்சில் மிதித்தான். திரும்பி வந்தவன் ரத்தமாய்க் கக்கி, ஆவணி முடியும் முன்னே போய்ச்சேர்ந்தான். அடக்கத்தில் சபைக்காரர்கள் பாட்டுப் பாடியபோது அவள் வாய் திறக்கவில்லை. ஏட்டின் பூட்ஸை நினைத்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்தன் விஜயதாஸும் கூட்டாளிகளும் அவள் தகரம் தட்டும் சத்தத்துக்காகச் சரிவில் மரவள்ளி அடர்ந்த மரச்சீனி விளைக்குள் பதுங்கியிருந்தார்கள். முன்பொரு தடவை அவள் தூரத்தில் காக்கிச் சட்டையைக் கண்டதுமே தகரத்தைத் தட்டிவிட, அடி வாங்கிக் கை ஒடிந்தது தபால்காரனுக்கு.

"ஒத்தைக்கு கண்ண நம்பண்டாம் மயினி," என்றான் விஜயதாஸ். "ஆளு அவன்தான்னு ஒறப்பானா மட்டும் தட்டுங்கோ."

அதற்குப் பிறகு அவள் வேறு விதமாய் யோசித்தாள். ஏட்டின் சைக்கிளில் சங்கிலி கவரில் உரசும். வளைவில் குடியிருக்கும் சரசம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரியும், கேட்டதும் வெறும் உரலில் உலக்கையைப் போடுவாள். எதிர்மேட்டில் தங்கை பிரேமகுமாரி. காக்கி தென்பட்டால் வேலியில் வெள்ளை முண்டுத் துணியை விரிப்பாள். ஓடைக்கரை நாய்கள் தபால்காரனுக்குப் பழகியவை, ஏட்டைக் கண்டால் குரைக்கும். எல்லாம் வரிசையாய் ஒத்துவந்தால்தான் ஆள் அவன். அதிலும் ஒவ்வொன்றும் அவன் கடந்துவிட்ட இடத்தைத்தான் சொல்லும். அதற்குள் எவ்வளவு தூரம் வந்திருப்பான் என்பதை அவள்தான் கூட்டிப் பார்க்கவேண்டும்.

அன்று உலக்கை விழுந்தது. முண்டு விரிந்தது. நாய்கள் குரைத்தன. அவள் மனசுக்குள் சைக்கிள் ஓடைப்பாலத்தில் ஏறி இறங்கியது. அடுத்து புளியமரம். ஆனால் புளியமரத்தடியில் யாரும் வரவில்லை. நாய்களும் அடங்கிப்போயின. திரும்பிப் போய்விட்டானா?

பாறைக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் ஏட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்தான். சங்கிலி அறுந்து தொங்கியது.

"கொறச்சு வெள்ளம் தருமோ?"

செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாந்து குடிக்கும்போது அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள். செம்பைத் திருப்பித் தந்துவிட்டு, யார் வீடு இது என்று கேட்டான்.

"ஜெயதாஸுக்க வீடாக்கும்."

"ஏது ஜெயதாஸ்?"

அவன் நடிக்கவில்லை. அவள் இத்தனை நாள் உறங்காமல் சுமந்த பெயர் அவனுக்கு நினைவிலேயே இல்லை.

சைக்கிள் கடைக்கு வழி கேட்டான்.

"வண்டி இங்க நிக்கட்டும். மரச்சீனி விளை வழியே போனா எளுப்பமாக்கும். ஆள கூட்டிட்டு வாருங்கோ."

அவள் குரல் அவளுக்கே மரியாதையாய்க் கேட்டது.

அவன் தொப்பி இலைகளுக்குள் மறைந்ததும் தகரத்தைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள், சரிவிலிருந்து வரும் எந்தச் சத்தமும் காதில் விழாதபடி.

கை ஓய்ந்தபோது விளை அசையாமல் கிடந்தது. சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் கேரியரில் வாழையிலைப் பொதி ஒன்று கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தாள். உள்ளே சோறு இன்னும் சூடாக இருந்தது.