கறுப்பு நாயின் சனிக்கிழமை

சனிக்கிழமை என்றாலே எனக்குப் பயம். மற்ற நாட்களில் திருமலை அடிவாரத்தில், அலிபிரி பக்கத்துப் பெரிய பார்க்கில் என்னையோ என் நாயையோ யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை மட்டும் புல்லட்டுக்குத் தனி மரியாதை. உடம்பில் ஒரு வெள்ளை முடி இல்லாத கறுப்பு நாய் அவன். சனிக்கிழமையில் கறுப்பு நாய்க்கு இனிப்பு கொடுத்தால் பிடித்த சனி விலகும் என்று இந்த ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். மீதிப் பேர் எதற்கும் இருக்கட்டும் என்று கொடுக்கிறார்கள்.

திருப்பதியில் இனிப்பு என்றால் வேறென்ன, லட்டுதான். புல்லட்டும் வஞ்சனை இல்லாமல் தின்று வந்தான். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? போன மாதம் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தபோதுதான், சிறுநீரகம் பாதி போய்விட்டது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். லட்டில் இருக்கும் உலர்ந்த திராட்சை நாய்களுக்கு ஆகவே ஆகாதாம். இன்னொரு தடவை உள்ளே போனால் பிழைக்க மாட்டான் என்றார்.

அன்றிலிருந்து நான் பார்க்குக்கு நடக்கப் போவதில்லை, சண்டை போடத்தான் போகிறேன். "பெருமாள் பிரசாதத்த போயி வேணான்றியே வேதாச்சலம், நீயெல்லாம் மனுசனா?" என்று, காலையில் பார்க்கில் கூட்டமாக நின்று சிரிக்கும் சிரிப்புச் சங்கத்து நாகையா சங்கத்தையே கூட்டி வைத்துக்கொண்டு கேட்டார். நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை எனக்கு. அதுவே இப்போது கட்டிப்போகிறது.

சனிக்கிழமை மட்டும் வீட்டிலேயே கிடக்கலாம்தான். ஆனால் புல்லட் மாடிவீட்டுக்குள் ஒன்றுக்குப் போக மாட்டான், அடக்கிக்கொண்டே கிடப்பான். அது அவனுக்கு இன்னும் கெடுதல். மனைவி போய்விட்டாள், மகன் ஐதராபாத்தில் இருக்கிறான். சொல்ல வெட்கமென்ன, இவனும் போய்விட்டால் அந்த வீட்டில் என் குரலுக்குத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. ஆகவே முழங்கால் வலியோடு தினமும் விடிகாலையில் சங்கிலியைக் கையில் எடுக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை பார்க் வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கசங்கிய சேலை, கழுத்தில் ஆஸ்பத்திரி பாஸ், கையில் லட்டுக் கவர்.

"அண்ணா, நில்லு அண்ணா. நாய கொஞ்சம் புடி."

"வேணாம்மா. அவனுக்கு ஒடம்பு சரியில்ல."

"ஒரே ஒரு வாய் அண்ணா."

"ஒரு வாயும் இல்ல, அரை வாயும் இல்ல. கிட்னி போய்க்கினு இருக்குது. துன்னா செத்துடுவான். எத்தினி பேருக்குமா சொல்றது நானு?"

அவள் போகவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் சென்னம்மா, பாகாலாவிலிருந்து வந்திருக்கிறாள். மகன் சாய்குமார் பைக்கிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். வெள்ளை முடி ஒன்றுகூட இல்லாத கறுப்பு நாய் உன் கையால் தின்றால் பிள்ளை கண் திறப்பான் என்று ஜோசியம் பார்க்கும் பந்துலு சொல்லிவிட்டாராம். விடிவதற்கு முன்பிருந்தே தெருத்தெருவாகத் தேடியிருக்கிறாள். ஒரு நாய்க்குப் பாதம் வெள்ளை, இன்னொன்றுக்கு மார்பு வெள்ளை.

"தேவுடுதான் ஒன்ன காட்னாரு அண்ணா. வேணாம்னு சொல்லாத. எனக்கு அவன் ஒருத்தன்தான்."

எனக்கும் இவன் ஒருத்தன்தான் என்று வாய்வரை வந்தது. பிள்ளையைப் பெற்றவளிடம் நாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? ஒரு மாதமாகக் கத்திக் கத்தி அலுத்தும் போயிருந்தேன்.

"குடு" என்றேன். லட்டை உதிர்த்து, திராட்சையை எல்லாம் பொறுக்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். மிச்சத்தில் ஒரு கோலிக்குண்டு அளவு உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தேன். விழுங்கியதும் ஆட்டோவில் போட்டு டாக்டரிடம் ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் கையை நீட்டினாள். புல்லட் மோந்து பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெறும் லட்டுக் கவரையே நக்கி நக்கிக் கிழிக்கிறவன் அவன். தின்பதை நிறுத்திவிட்டால் சிறுநீரகம் முழுவதும் போய்விட்டதாக அர்த்தம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரவு வைத்த சோறும் தட்டில் அப்படியே கிடந்தது. வெயில் காலம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தீஸ்கோ நைனா, தீஸ்கோ. எடுத்துக்கோப்பா" என்று அவள் கையை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அவன் தலையைத் தரையில் சாய்த்துப் படுத்துக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏன் அண்ணா துன்ல? அப்ப எம்புள்ள..."

"துன்னுவாம்மா. துன்னுவான். கொஞ்சம் இரு."

முழங்கால் கதற மண்டியிட்டேன். சிரிப்புச் சங்கம் மொத்தமும் சிரிப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. நாகையாவும் நின்றிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும். புல்லட்டின் முகத்தை ஒரு கையால் தூக்கினேன், அவள் மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்து அவன் வாயருகே கொண்டுபோனேன். அவன் மூக்கு காய்ந்து சுட்டது.

"டேய், ஒரே ஒரு வாய்டா" என்று கெஞ்சினேன். "துன்னுடா நைனா. துன்னுடா."