ஐந்து வலம்புரிகள்

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அந்த வருடம் ஒரு மாதம் அரை வயிற்றோடு திரிந்தேன், எல்லாம் வீரகத்தி மாஸ்டரால்.

எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தண்ணீரூற்றுக் கிராமத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. மூன்று வருடம் கழித்து, விஞ்ஞானக் கண்காட்சிக்காகக் கடற்கரைப் பாறைக் குழிகளில் குந்தியிருந்து ஒரு கொப்பி நிறையப் படம் கீறினேன். நட்சத்திர மீன், கடல்முள்ளி, செத்த சங்கின் ஓட்டுக்குள் குடியிருக்கும் துறவி நண்டு ஐந்து. திருத்தித் தருவதாகக் கொப்பியை வாங்கிய மாஸ்டர், கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கையில் "துலைஞ்சு போச்சு பிள்ளை" என்று கையை விரித்தார்.

கண்காட்சியன்று மண்டபத்துக்குள் நுழைகிறேன், என் படங்கள் சுவரில் தொங்குகின்றன! ஒரு கால் முறிந்த நண்டைக்கூட நான் முறிந்தபடியே கீறியிருந்தேன். அந்த முறிந்த காலும் இருக்கிறது. கீழே பெயர்: வீரகத்தி நேசமலர். மாஸ்டரின் மகள்.

பிறகுதான் கண்டேன், கால் மறுபக்கம் முறிந்திருந்தது. எண்ணெய் பூசிய தாளில் பிரதி எடுத்தால், பின்பக்கமும் ஒருதரம் கீறி, நேராக வைத்துத் தேய்க்க வேண்டும். மகாராணி அவசரத்தில் அப்படியே கவிழ்த்துத் தேய்த்துவிட்டாள். நட்சத்திர மீனையும் கடல்முள்ளியையும் எப்படிக் கவிழ்த்தாலும் தெரியாது. சங்கு தெரியுமே! எங்கும் கிடைக்கும் இடம்புரி, கவிழ்த்தால் அபூர்வமான வலம்புரி ஆகிவிடும். நடுவர் வரட்டும் என்று நின்றேன்.

வவுனியாவிலிருந்து நடுவராக வந்த கமலாட்சி ரீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அஞ்சு சங்கும் வலம்புரியோ பிள்ளை? ஒண்டு கிடைச்சாலே சாமியறையில வைச்சுக் கும்பிடுவினம். எங்க பிடிச்சனீர்?"

நேசமலர் தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் கூரையைப் பார்த்தார்.

"அதெல்லாம் நான் வரைஞ்சதுங்க ரீச்சர்," என்றேன் மண்டபம் முழுக்கக் கேட்க. "எம்படத்துல சங்கு சரியா இருக்கும். கொப்பி எங்க மாஸ்டர் சேர்கிட்டதான் இருக்கு."

மாஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. ரீச்சர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். தொலைந்த கொப்பி மாஸ்டரின் தோற்பையிலிருந்து வெளியே வந்தது. ரீச்சர் ஒவ்வொரு பக்கமாகச் சுவரோடு ஒத்துப் பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய ஐந்து நண்டின் கீழும் சிவப்புப் பேனாவால் 'பிழை' என்று எழுதினார்.

மாஸ்டர் என்னை ஒதுக்குப்புறம் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் உன்ர பேரை எழுதிவிடுறன். இந்தக் கதையை இதோட விடு. நேசமலர் அழுகிறாள்."

அழட்டும்! நான் ஒரு மாதம் அழுதேனே.

"தப்பான படத்துல எம்பேரா? வேணாங்க சேர். ஒங்க மக பேரே இருக்கட்டும்."

படங்களைக் கழற்றுவதற்கு அவர் கையைத் தூக்கினார். கண்காட்சி முடியும்வரை எதையும் கழற்றக்கூடாது என்றுவிட்டார் ரீச்சர். மூன்று நாளும் படங்கள் தொங்கின. மூன்று நாளும் பஸ் ஏறிப் போய், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.