மீசை வைத்த ஒன்றாம் வகுப்பு

வெள்ளைக்காரன் இருந்தவரை நான் மலாயாவில், சுங்கை பட்டாணியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்துக் குலசிங்கம் மாஸ்டர். ஜப்பான்காரன் வந்ததும் ஆங்கிலம் தீட்டாகிவிட்டது. ஜப்பான் மொழியில் கொஞ்சம் உளறக் கற்றுக்கொண்டேன். உடனே ரப்பர் தோட்டப் பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்டர் ஆக்கிவிட்டார்கள். தகுதி என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஒருநாள் ஜப்பானிய அதிகாரியோடு புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். துரை எப்போதோ ஓடிவிட்டார். சம்பளம் நின்றும் ஓடாத ஒரே ஆள் பரஞ்சோதி வாத்தியார். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் பள்ளி நடத்தி, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு அவித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிழைக்கத் தெரியாத மனிதர்.

ஒன்றாம் வகுப்பைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்வரிசை முழுக்க மீசை.

"உதென்ன கூத்து, மாஸ்டர்? பெடியனுக்கு மீசையெல்லோ கிடக்குது!" என்றேன்.

"சவரக் கத்தி கெடைக்கலைங்கய்யா" என்றார் பரஞ்சோதி, கூசாமல். பிறகு என் காதோரம் வந்து, "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள மட்டுந்தான் சயாம் ரயில் ரோடு போட புடிக்கிறதில்ல. போனவன் ஒருத்தனும் திரும்பல. காட்டிக் குடுத்துடாதீங்க" என்றார்.

மீசைக்காரர்களில் ஒருவன் ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டும் அய்யாவு. மனைவி புஷ்பவள்ளி நிறைமாதக் கர்ப்பிணி. மூத்த மகள் இரண்டாம் வகுப்பு, அப்பனைவிட ஒரு வகுப்பு மேல். வீட்டில் யார் யாரை அதட்டினார்களோ!

அதிகாரி முகத்தைச் சுளித்து வயது கேட்டார். எங்கள் இனத்தில் மீசை சீக்கிரம் முளைக்கும் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சக்கரவர்த்திக்குக் கிழக்கே பார்த்து வணக்கம் போடச் சொன்னார்.

கிழக்கே, கொட்டகை வாசலுக்கு நேராக, தோட்டத்து மாரியம்மன் கோயில். குனிந்து நிமிர்ந்த அய்யாவு பழக்க தோஷத்தில் "தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பட் பட் பட்டென்று கன்னத்தில் விழுந்தது. அதிகாரியின் கை வாளுக்குப் போனது.

"சாமிக்கு மட்டும்தான் எங்கள் சனங்கள் இப்படிச் செய்வார்கள்" என்றேன், அவசரமாக. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதிகாரி நெகிழ்ந்துபோனார். டோக்கியோவில்கூட இத்தனை பக்தியைக் கண்டதில்லையாம்.

அவர் காரில் ஏறியதும் பரஞ்சோதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனையோ பெரிய பள்ளிகளைப் பார்த்தவன் நான். உயிரைக் காப்பாற்றுவதைப் பாடமாக வைத்த பள்ளியை அன்றுதான் பார்த்தேன். அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாராட்டெல்லாம் இருக்கட்டுங்கய்யா, கொஞ்சம் அரிசி கெடைக்குமா?" என்றார் அவர்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் ஆபீசை மூடிவிட்டார்கள். வேலை இல்லாதவனெல்லாம் சயாமுக்கு என்று உத்தரவு. கோட்டைக் கழற்றி வீசிவிட்டு, நடந்தே அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். பரஞ்சோதி ஓர் உடைந்த சிலேட்டைக் கையில் கொடுத்துப் பின்வரிசையைக் காட்டினார். அய்யாவு நகர்ந்து இடம் விட்டான். அவனுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது.

அவன் என் தொடையில் தட்டினான்.

"பயப்படாதீங்க மாஸ்டர். நம்ம வாத்தியார் எல்லாருக்கும் பெயில்தான் போடுவாரு. பாஸ் பண்ணா சயாம்லா!"