தண்ணீரில் மருந்து வாடை

மாநகரத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து ருசி சொல்வது என் வேலை. சிரிக்காதீர்கள், இதற்குச் சம்பளம் தருகிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் ஜன்னல் திறக்காத ஓர் அறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து, வெதுவெதுப்பாக்கிய தண்ணீரை முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்புவோம். மண், இரும்பு, பாசி, மருந்து, அழுகல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. அந்த அறைக்குள் சென்ட் கூடாது, வெங்காயம் தின்றுவிட்டு வரக்கூடாது, சண்டை கூடாது. கடைசி விதி எனக்காகவே போட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வருமாம். மூக்கை வைத்துப் பிழைப்பவளுக்கு அது ஆகாதாம்.

ஒரு திங்கட்கிழமை காலை வாயில் காவலாளி கூப்பிட்டனுப்பினார். கேட்டுக்கு வெளியே என் தங்கை நின்றிருந்தாள். வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். கீழுதடு பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. வாயைத் திறந்தபோது முன்பல் ஒன்று இருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

"யாரு பண்ணது? அவனா?"

"அது கிடக்கட்டும்க்கா. இதைக் கொஞ்சம் பாரேன். நான் எதையோ கலக்கறேங்கறாரு."

அவள் கணவன் கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். தெருவில் அவனை 'ஷாம்பு' என்பார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் அப்படி நுரை நுரையாய்ப் பேசுவான். வீட்டில் டீயில் மருந்து வாடை வருகிறது, சோற்றில் வருகிறது, வாய் கொப்பளித்தால்கூட வருகிறது என்று சில வாரங்களாக ஒரே பாட்டு. பெண்டாட்டி தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டான். எதையும் முதலில் அவள் குடித்துக் காட்ட வேண்டும். குடித்துக் காட்டிய பிறகும் அடிப்பான். அன்று காலை அந்த டம்ளராலேயே வாயில் இடித்திருக்கிறான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன செய்தேன்? பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

"இன்னைக்கே கண்டுபிடிச்சுச் சொல்றேன் பாப்பா. நீ கிளம்பு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள்.

பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து, விஷம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகு அறைக்குக் கொண்டுபோனேன். யார் வீட்டுத் தண்ணீர் என்று சொல்லாமல் எல்லோருக்கும் ஊற்றினேன். அத்தனை பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: மருந்து. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தண்ணீரில் நாங்கள் கலந்து அனுப்பும் குளோரின் மட்டமான ரப்பருக்குள் தேங்கி நின்றால் இப்படித்தான் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

சாயங்காலம் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறைக் குழாய் பழுது. வாசல் குழாயிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கறுப்பு ரப்பர் ஹோஸ் உள்ளே வந்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது. நான் ஷாம்புவை வாசலுக்கு வரச்சொன்னேன். கடைப் பையன்கள் இருவர் அங்கே நின்றிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மாவையும் வேண்டுமென்றே கூப்பிட்டுக்கொண்டேன்.

"தம்பி, இது குழாய்ல நேரா பிடிச்சது. இது ஹோஸ் வழியா வந்தது. ரெண்டையும் குடிச்சுப் பாருங்க."

குடித்தான். இரண்டாவது டம்ளரில் முகம் கோணிற்று.

"இந்த ஹோஸை யாரு மாட்டினது?"

"நான்தான் அண்ணி. கடையில கிடந்தது."

"அப்ப உங்களுக்கு மருந்து வைக்கறது யாரு?"

பக்கத்து வீட்டம்மா சிரித்துவிட்டார். பையன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கினார்கள். அந்த நிமிடம் எனக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி மாளாது. அவனும் சிரித்தான். "தப்பு என் மேலதான் அண்ணி. நாளைக்கே பைப் மாத்திடறேன்" என்றான். சொன்னபடியே மாற்றியும்விட்டான். பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஜெயித்த மிதப்பில் வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். "உடனே வாங்க. இந்தத் தடவை சத்தம் வேற மாதிரி இருக்கு."

கதவு தாழ் போடாமல் இருந்தது. சமையலறைத் தரை முழுக்கத் தண்ணீரும் வாந்தியும். அவன் பாப்பாவின் தலைமயிரைக் கையில் சுருட்டிப் பிடித்து, முகத்தைத் தொட்டியோடு சேர்த்து அழுத்தியிருந்தான். இன்னொரு கையால் டம்ளரை அவள் பற்களுக்கு நடுவே திணித்துக்கொண்டிருந்தான். ஒரு கண் முழுக்க வீங்கி மூடியிருந்தது. அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

"குடி. இன்னும் குடி."

"விடுங்க தம்பி. இப்பத்தான் தண்ணி சுத்தமா வருதே."

"அதான் அண்ணி. இப்ப ஒரு வாடையும் இல்ல. வாடை தெரியாத சரக்கா வாங்கிட்டா. வாங்கிக் குடுத்தது நீங்க. ருசி எல்லாம் உங்களுக்குத்தானே அத்துப்படி."

டம்ளரைப் பிடுங்கி, மிச்சம் இருந்ததை ஒரே மடக்கில் குடித்தேன். "பாருங்க. குடிச்சிட்டேன்."

"நீங்க குடிப்பீங்க. மாத்து மருந்து உங்ககிட்ட இருக்கும்."

நான் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் இவனிடம் எதையும் நிரூபிக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. கை தானாக எழுந்தது. என் பலம் அத்தனையையும் சேர்த்து அவன் கன்னத்தில் அறைந்தேன்.

அவன் பாப்பாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். முதல் குத்து தாடையில் விழுந்தது. ஈரத்தில் கால் வழுக்கி மல்லாந்தேன். விலாவில் உதைத்தான், மறுபடி அதே இடத்தில் உதைத்தான். உள்ளே ஏதோ சடக்கென்று முறிந்தது. பிறகு மார்பில் முழங்காலை ஊன்றி இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. சக்கரத்தின் இடுக்கில் ஒட்டிய சேற்றைச் சுரண்டுகிறவனைப் போல வேலையில் மும்முரமாக இருந்தான். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். பயமாக இருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால் பாப்பா கெட்டிலோடு நின்றாள். பிடரியிலிருந்து ஆரம்பித்து ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டு திரும்பியபோது முகத்தில் ஊற்றினாள். அவன் உருண்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்து, வழுக்கி விழுந்து, "தண்ணி, தண்ணி" என்று கத்தினான். கெட்டில் காலியாகும்வரை அவள் கை இறங்கவில்லை. காலியானதும் அதை அடுப்பின் மேலேயே வைத்தாள். அப்புறம் வாளியில் பச்சைத்தண்ணீர் பிடித்து அவன் மேல் கவிழ்த்தாள். மறுபடி பிடித்தாள், மறுபடி கவிழ்த்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அதைச் செய்துகொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு விலாவில் கட்டு, அவளுக்குப் புருவத்தில் தையல். கட்டிலருகே ஒரு பெண் போலீஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வெந்நீர் ஊத்தினது யாரு?"

"நான்தான்" என்றேன். பேசினால் விலா குத்தியது. "என் தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. அவ மயங்கிக் கிடந்தா. மேடம், நான் தண்ணி சோதிக்கற இடத்துல வேலை பாக்கறேன். அந்த ஆளு குழாய்த் தண்ணியில மருந்து வாடை வருதுன்னு..."

"இல்ல மேடம்" என்றாள் பாப்பா. "அக்கா கீழ கிடந்தாங்க. அவர் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்தாரு. ஊத்தினது நான்."

"பாப்பா, நீ சும்மா இரு."

"இல்லக்கா. இதை நான்தான் சொல்லணும்."

என் பக்கம் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமான முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்தாள். சட்டைக் காலரில் மடிப்பு சரியில்லை என்று முதல் அறை. போனில் யாரோடோ சிரித்தாள் என்று மாடிப்படியிலிருந்து தள்ளியது. கதவிடுக்கில் நசுங்கியது என்று எங்களிடம் சொன்ன சுண்டுவிரலை அவன் பிடித்துத் திருப்பி ஒடித்தது. "பாத்துச் சாத்த மாட்டியா, கண்ணு எங்க இருந்துச்சு" என்று அன்று அவளைத் திட்டியவள் நான்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். பேச்சு தண்ணீருக்கு வருவதற்குள் அந்தப் பெண் போலீஸ் பேனாவைக் கீழே வைத்து, எழுதி மரத்துப்போன விரல்களை ஒருமுறை உதறிக்கொண்டார்.