ஊசித் தோட்டா

1

இது நிரோசினியின் கதை. பிரான்காச்சோ போகும் பேருந்தில் அவள் எனக்குச் சொன்னது. பழைய பிரெஞ்சு வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி நான் கட்டுரை எழுதுவதாகக் கோயிலில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரான்சின் சேன்த் எத்தியேன் நகரத்துக் கொல்லர்கள், நடுவில் மடித்துப் பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகளை

(வேண்டாம். அந்தக் கொல்லர்களுக்கு நிரோசினியைத் தெரியாது.)

3

பொலிதேயாமா பகுதியில், மனைவியை இழந்த கயெத்தானோ என்ற இத்தாலியக் கிழவரை, அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டாள் நிரோசினி. அவருடைய பூட்டனார் பிரான்சிலிருந்து வரவழைத்த இரட்டைக்குழல் துப்பாக்கி சுவரில் தொங்கியது. மாலையில் அதை மடியில் வைத்துத் திறந்து, வெறுங்குழல் வழியே சன்னலைப் பார்ப்பார். பிறகு வேட்டைக் கதைகள். மன்னாரில் துப்பாக்கியைக் கண்டால் ஓடி வளர்ந்தவள், கேட்டுக்கொண்டே போஞ்சிக்காய் ஆய்வாள். அந்த வீட்டில் வேறு பேச்சுச் சத்தம் கிடையாது.

ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது பழைய தோட்டா ஒன்று அகப்பட்டது. பக்கவாட்டில் ஊசிபோல ஒரு பித்தளை முள். (துப்பாக்கியின் சுத்தி அந்த முள்ளில் அடித்தால் வெடிக்கும். இது என் கட்டுரையிலிருந்து.)

"இஞ்சை தா. நான் லூச்சியாட்டைப் போகவேணும்" என்றாராம். லூச்சியா, இறந்துபோன மனைவி.

அவள் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோ போய்க் கடலில் எறிந்தாள்.

"பிறகு அவர் என்னோடை கதைக்கேல்லை அக்கா. சாப்பாடு வைச்சாச் சாப்பிடுவார். நான் புவனசேரா எண்டு வணக்கம் சொன்னாச் சுவரைப் பாப்பார்."

மாரிக்காலம் முழுக்க அப்படியே. ஒரு காலையில் நித்திரையிலேயே இறந்து கிடந்தார்.

4

(அவள் அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லை.)

"ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அது வெடிச்சிருக்குமோ?"

ஈரம் படாத வெடிமருந்து நூறாண்டு கடந்தும் எரியலாம். எரியாமலும் போகலாம்.

முடிவு ஒன்று: வெடித்திருக்கும் என்கிறேன். அவள் ஓர் உயிரைக் காத்தவள் ஆகிறாள். ஆனால், அவளோடு கழித்த மாலைகள் அவருக்குப் போதவில்லை என்றும் ஆகிறது.

முடிவு இரண்டு: வெடித்திருக்காது என்கிறேன். துப்பாக்கியோடு வளர்ந்தவருக்கு அது தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை ஆறுதல்தான் கேட்டார். அவள் அவருடைய கடைசிப் பேச்சையெல்லாம் வீணாகக் கடலில் போட்டவள்.

உண்மையில் நான் சொன்னது: "தெரியாது."

"ஓம்" என்றாள்.

"இப்ப எங்கை வேலை?"

"ஒரு வயசான சின்யோரா வீட்டிலை. அவவுக்குக் காது கேளாது."

இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை. அவளுக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால், நீங்களே போய்ச் சொல்லுங்கள். பூசை முடிந்து எல்லோரும் போனபிறகும் கோயில் வாசலில் நிற்பாள்.