பல்லைக் கடிக்கும் நேரம்

...இல்லை, இப்போதும் கடிக்கவில்லை, கடையில் இத்தனை கூட்டம், ஒருவர் வர்க்கி பிஸ்கட் கேட்கிறார், இன்னொருவர் டீத்தூளை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார், நியாயமாக இப்போதுதானே ஷஹானாவுக்குத் தாடை இறுக வேண்டும், ஆனால் வாய் அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது, இது என்ன வேடிக்கை... பகலில்தான் பல்லைக் கடிக்கிறீர்கள், எப்போது என்று ஒரு நாள் கவனியுங்கள் என்று பல் டாக்டர் சொன்னதிலிருந்து அவள் தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தாள். கவனிக்க என்ன இருக்கிறது, கடை டென்ஷன்தான் என்று கணவர் அயூப் ஒரே போடாகப் போட்டுவிட்டார். கடையை எடுத்து நடத்தக் கேட்டிருந்த தங்கமணி சாயங்காலம் வருவார், சாவியை அவரிடம் கொடுத்துவிடலாமாம். அயூப் லாரி ஓட்டிய காலமெல்லாம் குன்னூர் மார்க்கெட்டில் ஒற்றை ஆளாக அவள் கட்டிக்காத்த கடை... விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதா? நினைத்தாலே ஆத்திரம் வந்தது. அப்போதும் தாடை இறுகவில்லை, அதையும் கவனித்தாள்.

கூட்டம் கலைந்தது, வெளியே மூடுபனி இறங்கியது. வர்க்கி நமுத்துப்போகுமே என்று டின்னை மூடப் போனவள் அப்படியே நின்றாள்... இதோ, இறுகுகிறது, கடைவாய்ப் பல்லோடு பல்... வாங்க வர ஈ காக்கை இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, பின்னே ஏன்? கை மூடியை விட்டுவிட்டு ஃபோனைத் தேடிப் போனது. யார் கூப்பிடப் போகிறார்கள்? அட, இந்த நேரம்... காய்கறி லோடு மலை இறங்கும் நேரம், கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்து அடிவாரத்துக் கல்லாறு வந்ததும் அயூப் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், எடுக்கக் கூடாது, அடித்து ஓய்ந்தால் மனுஷன் பத்திரம் என்று அர்த்தம், அதுவரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பாள்... ஆனால் லாரியைப் போன வருஷமே விற்றாகிவிட்டதே, மனுஷன் எதிரே ஸ்டூலில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து டீத்தூள் பொட்டலம் கட்டுகிறாரே, இந்தத் தாடைக்கு யார் போய்ச் சொல்வது? அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கடை மேல் தப்பில்லை என்று இப்போதே சொல்லிவிடலாம் என நிமிர்ந்தவள் அவர் காலைப் பார்த்தாள். பிரேக் மிதிக்கிற அந்த வலது கால், குதிகாலை ஊன்றி, நரம்பு புடைக்க, தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்று கேட்டாள்.

"ஏனுங்க, கல்லாறு வந்தாச்சுங்களா?"

பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அயூப் சொன்னார். "இன்னும் ரெண்டு வளைவு கெடக்குது, இரு."

சொன்ன பிறகுதான் அவர் கை நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்... அப்படியானால் இவரும் தினம் மலை இறங்கிக்கொண்டேதான் இருக்கிறாரா, சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மட்டும் இந்தக் கால் பிரேக்கை விடுமா என்ன?