பொட்டுக்குக் கீழே

வண்டியில் நான்கு பேர் இருந்தார்கள். ஓட்டியவன் அன்பரசன். அவன் பக்கத்து சீட்டில் மூர்த்தி. போன வருஷம் வரை சொந்தமாகக் கான்டசா கார் வைத்து வாடகைக்கு ஓட்டியவன், இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஊரார் வேன்களைக் கழுவுகிறவன். பின்சீட்டில் அன்பரசன் மனைவி வள்ளி. அவளை ஒட்டி அவள் அம்மா எல்லம்மாள். எல்லம்மாள் மடியில் கூடை. அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மாலை, கற்பூர டப்பா. மாறனையும் சேர்த்தால் ஐந்து பேர். எல்லம்மாள் சேர்த்துத்தான் வைத்திருந்தாள். இடது கதவை ஒட்டி ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு, மகளை நெருக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

மாறன் அவள் மகன். வள்ளியின் தம்பி. ஜவ்வாது மலை ரோட்டில் ஒரு வளைவில் செத்துப்போனான். வண்டி மூர்த்தியுடையது, ஓட்டியவன் அன்பரசன். பிரேக் பிடிக்கவில்லை என்று அன்பரசன் போலீசில் சொன்னான், சாவு வீட்டில் சொன்னான், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். ஊர் நம்பியது. திருவண்ணாமலை டாக்ஸி ஸ்டாண்டில் அன்பரசனைப் போல மலை ரோட்டில் வளைக்கிறவன் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். மூர்த்தி வண்டியைச் சரியாகப் பார்க்கமாட்டான் என்பது அதன் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவனை யாரும் வாடகைக்குக் கூப்பிடவில்லை. எல்லம்மாள் அவன் வீட்டு வாசலில் போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள்.

தலைத்தெவசம் முடிந்ததும் அவள்தான் சொன்னாள். செத்த இடத்தில் கற்பூரம் ஏற்றி, மூர்த்தியும் மாப்பிள்ளையும் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பிரேக் நன்றாக இருந்தது என்று அவன் அணைக்கட்டும். பிடிக்கவில்லை என்று இவர் அணைக்கட்டும். மூர்த்தி உடனே ஒத்துக்கொண்டான். அன்பரசனும்தான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த வளைவில் பிரேக் கைவிட்டதை அவன் உடம்பு முழுக்க உணர்ந்திருந்தான்.

வண்டி அருணாதேவி மேடத்துடையது. ரமணாசிரமம் பக்கம் தோட்டம் வைத்த வீட்டில் தனியாக இருக்கிறவர். ஜெர்மன் கார். அன்பரசன் அதன் டிரைவர். தெவச காரியம் என்றதும் "எடுத்துட்டுப் போ அன்பு, மெதுவா போ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

கீழ்பென்னாத்தூரில் ஏறும்போதே எல்லம்மாள் முன்பக்கம் தலையை நீட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டரின் கண்ணாடி மேல், சந்தனமும் குங்குமமுமாகப் பெரிய பொட்டு.

"இன்னா மாப்ள இது? தெவச காரியத்துக்குப் போற வண்டியில குங்குமமா?"

"வெள்ளிக்கிழமைக்கு வெச்சது அத்தை."

"எடுங்க." அவன் கை வைப்பதற்குள் அவளே முந்தானையில் எச்சில் தொட்டு எட்டி அழுத்தித் துடைத்தாள். வருஷக்கணக்கில் வெள்ளிக்கு வெள்ளி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பொட்டு. பொருக்கு பொருக்காகப் பெயர்ந்து அவன் தொடை மேல் உதிர்ந்தது.

அந்தப் பொட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. வண்டி புதிதாக வந்தபோது வளைவில் வேகமாகப் போனால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு மின்னும். சறுக்குகிற காரின் படம். அதோடு எஞ்சின் தானாகவே அடங்கிப்போகும், கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி. அன்பரசனுக்கு எரிச்சலாக இருந்தது. மேடம் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி சறுக்கப் போகுதுன்னு தெரிஞ்சா அதுவே எந்தச் சக்கரத்தைப் பிடிக்கணுமோ அதைப் பிடிச்சுக்கும். விளக்கு மின்னினா நீ தப்பா ஓட்டுறேன்னு அர்த்தம். இதை நிறுத்த ஒரு பட்டன் இருக்கு. தொட்டே, வேலை போயிடும்."

அன்று வீட்டுக்கு வந்து வள்ளியிடம் சொல்லிச் சிரித்தான். "எனக்கு வாத்தியார் வெச்சிருக்காங்கடி வண்டிக்குள்ள. லைட்டு போட்டுக் காட்டுது."

ஆயுத பூஜை அன்று பொட்டு வைக்கும்போது சரியாக அந்த விளக்கின் மேல் வைத்தான். அதன் பிறகு தொந்தரவில்லை. கொஞ்ச நாளில் எஞ்சின் அடங்குவதும் பழகிவிட்டது. அப்புறம் அது தெரியவேயில்லை. வண்டி தன் கைக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். முன்பு மூன்றாவது கியருக்குக் குறைத்துத் திரும்பிய இடங்களில் இப்போது குறைக்காமலே திரும்பினான். மேடத்தின் விருந்தாளிகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்துவார்கள். காலி வண்டியில் கூட வரும்போது மாறன் மட்டும் பின்சீட்டிலிருந்து விசிலடிப்பான். "மாமா, நீ மெட்ராஸ்ல பொறந்திருந்தா ரேஸ் வண்டி ஓட்டியிருப்ப." அதை அன்பரசன் ராத்திரியும் பகலுமாக நம்பினான். மனிதனுக்கு நம்ப ஏதாவது ஒன்று வேண்டும், அவனுக்கு இது.

பிறகு மேடம் வெளிநாடு போயிருந்த ஒரு மாதத்தில், மலையில் கோடை விழா பார்க்க மாறன் மூர்த்தியின் கான்டசாவைக் கேட்டு வாங்கினான். "மாமா ஓட்டுவாரு, பயப்படாத" என்று மூர்த்தியிடம் சொன்னதும் அவன்தான்.

போளூர் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. விடியலில் தூறி ஓய்ந்திருந்தது. ரோடு கறுப்பாக ஈரம் காட்டியது. கீழ் வளைவுகள் முடிந்து, மாறன் செத்த, கைப்பிடிச் சுவர் கட்டிய அந்த நீண்ட வலது வளைவுக்கு முன்னால் மூர்த்தி வாயைத் திறந்தான்.

"இன்னா அன்பு, மாட்டு வண்டி மாதிரி போற? அன்னைக்கு இப்படித்தான் போனியா?"

"மேடம் வண்டி."

"அன்னைக்கு என் வண்டி. அதனால பறந்த."

"சும்மா வா மூர்த்தி."

"இல்ல, கேக்குறேன். அத்தைக்குத் தெரியட்டும். எந்த வேகத்துல போன, அதக் காட்டு."

எல்லம்மாள் பின்னாலிருந்து சொன்னாள்: "காட்டுங்க மாப்ள. என் புள்ள எப்படிப் போனான்னு நான் பாக்கணும்."

"வேணாம்மா, இன்னா பேச்சு இது!" என்றாள் வள்ளி. "என்னாங்க, மெதுவாவே போங்க."

அன்பரசனுக்கு மூர்த்தி மேல் கோபம் வந்தது. வேன் கழுவுகிறவன், பேச்சைப் பார். இந்த வண்டியில் இந்த வளைவை எத்தனை தடவை எடுத்திருக்கிறான், கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பான். காட்டினால் என்ன? வேகம் என்பது குற்றமில்லை, பிரேக்தான் குற்றம் என்று இவர்களுக்கும் விளங்கும். கியரை மாற்றி அழுத்தினான்.

வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினான். வள்ளி அம்மாவின் தோளைப் பிடித்துக் கத்தினாள். வண்டியின் பின்பக்கம் ஒரு நொடி மிதந்தது. காலடியில் கர்ர்ரென்று ஏதோ அரைத்தது. எஞ்சின் அடங்கியது. எதுவோ வண்டியைக் காதைப் பிடித்து இழுத்து ரோட்டுக்குள் வைத்தது. மீட்டரில், துடைத்த இடத்தில், மஞ்சள் விளக்கு விடாமல் மின்னியது.

"அது இன்னா லைட்டு?" என்றான் மூர்த்தி.

அன்பரசன் குனிந்தான். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கால் ஆக்சிலேட்டர் மேல் இருந்தது. அது அங்கிருந்து எங்கும் போயிருக்கவில்லை.

வளைவின் முடிவில் ஓரமாக நிறுத்தினான். எல்லோரும் இறங்கினார்கள். எல்லம்மாள், மாறன் அடிபட்ட சுவரில் மாலையைச் சாத்தினாள். தேங்காயை உடைத்தாள். வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள்.

மூர்த்தி முதலில் வந்தான். "என் வண்டியில பிரேக் நல்லா இருந்துச்சு. முந்தின நாள்தான் பாத்து வெச்சேன். பொய்னா என் குடும்பம் வெளங்காது." உள்ளங்கையால் அடித்துத் தீயை அணைத்தான். சுட்ட கையை உதறவில்லை.

எல்லம்மாள் இன்னொரு வில்லையை ஏற்றினாள். "மாப்ள."

அன்பரசன் தீயின் முன் நின்றான். பிரேக் பிடிக்கவில்லை. அது உண்மைதான். கான்டசாவில் பின்பக்கம் மிதந்தபோது அவன் காத்திருந்தான். எப்போதும் வருகிற அந்தப் பிடி வரும் என்று உடம்பு காத்திருந்தது. வரவில்லை. வண்டி சுற்றி, மாறன் இருந்த இடது பக்கமாகச் சுவரில் போய் மோதியது. வரவேண்டியது வராததற்கு அவன் வைத்த பேர் பிரேக்.

கையை நீட்டினான். தீக்கு மேல் அது நின்றது. இறங்கவில்லை.

"மிதிக்கல" என்றான்.

"இன்னா சொன்ன?" மூர்த்தி கிட்டே வந்தான்.

"பிரேக்க நான் மிதிக்கவேயில்ல."

கற்பூரம் எரிந்து வெற்றிலையைக் கருக்கித் தானாக அணைந்தது. எல்லம்மாள் ஓலமிடுவாள் என்று அன்பரசன் எதிர்பார்த்தான். அவள் மகளைப் பார்த்துக் கேட்டாள்: "எனக்கு வெளங்கல. இந்த வண்டி மட்டும் எப்படித் திரும்புச்சு?"

வள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது தானா புடிச்சுக்கும்மா. அதுக்குத்தான் அந்த லைட்டு. இவருதான் சொன்னாரு, சிரிச்சிக்கினே. இத்தினி வருசமும் இவரு ஓட்டலம்மா. அதுதான் ஓட்டியிருக்கு."

மூர்த்தி ஒரு வருஷமாக இந்தக் கணத்துக்காகக் காத்திருந்தவன். அவன் முகத்தில் ஒன்றும் வரவில்லை. "என் பொண்டாட்டி கூட நம்பலடா" என்றான். போன வண்டி வராது.

இறங்கு ரோடு மிச்சம் இருந்தது. அன்பரசன் டிரைவர் கதவருகே போய் நின்றான். கைப்பிடியைத் தொட முடியவில்லை. சாவியை மூர்த்தியிடம் நீட்டினான். மூர்த்தி வாங்கவில்லை, எல்லம்மாளைப் பார்த்தான்.

"நீ ஓட்டு தம்பி" என்றாள் அவள். போன வருஷத்திலிருந்து அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வள்ளி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். எல்லம்மாள் வலது பக்கமாக ஏறி, வள்ளி விட்டுப்போன இடத்தில் உட்காராமல், பழையபடி நடுவில் போய் உட்கார்ந்து கூடையைத் தன் வலது பக்கம் வைத்தாள். மிச்சம் இருந்தது இடது கதவோரத்து இடம், வந்த வழியெல்லாம் அவள் காலியாக வைத்திருந்த இடம். அன்பரசன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஒக்காரு" என்றாள். "அதுதான் ஒன் எடம்."

உட்கார்ந்தான். அவள் தன் புடவை அவன் மேல் படாமல் இழுத்து இடுக்கிக்கொண்டாள். மூர்த்தி வெளியே நின்று கதவைச் சாத்தினான், சுற்றி வந்து ஏறி வண்டியைக் கிளப்பினான். மாட்டு வண்டி வேகத்தில்தான் இறங்கினான். மீட்டரில் எந்த விளக்கும் வரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அந்த வண்டியின் வழக்கப்படி, யாரும் எதையும் தொடாமல், அன்பரசனுக்குப் பக்கத்திலிருந்த கதவு டக்கென்று தானே பூட்டிக்கொண்டது.